கத்திரிப்பூ கரைக்கு ஒரு பிளவுஸ் பிட்

கண்ணு, சாப்பிட்டாயா என்று கேட்காமல் நான் எந்தப் பேச்சையும் ஆரம்பித்ததில்லை. இன்றைக்கு அதைக் கேட்கப்போவதில்லை. அதைக் கேட்டால் அடுத்து மழை, அடுத்து பால் விலை, அடுத்து உன் இருமல் என்று எங்கேயாவது போய் நின்றுவிடுவேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே முடித்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் அப்படித்தான் ஆயிற்று. "கடை எப்படிம்மா போகுது?" என்று நீ கேட்டாய். நானும் வழக்கமான பாட்டையே பாடினேன். மேம்பாலம் வெளிச்சத்தை மறைத்துவிட்டது, மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்து ஆள் நடமாட்டத்தையே ஒழித்துவிட்டார்கள், எதிரே ஏழு மாடி எழும்பிவிட்டது, இந்தத் தெருவில் இனி ஒன்றும் இல்லை என்று. "அதான் பொங்கலுக்கு வர்றேன்ல, ஓனர்கிட்ட சாவியக் குடுத்துட்டு எங்களோட புனேவுக்கு வந்துடும்மா" என்றாய். நான் சரி என்றேன். அந்தச் சரியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை ஓனரிடம் பேசிவிடாதே. பாதியில் பவித்ராவைக் கூப்பிட்டு "இது உனக்குத் தெரியுமா" என்றும் கேட்காதே. தெரியும். என் மருமகளைச் சொல்லவிடாமல் செய்தது நான். உனக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும். அதுவும் கடைசி வரி வரைக்கும் படித்த பிறகு வரட்டும்.

விஷயம் இதுதான். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். பதறாதே, நல்லபடியாக முடிந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இதை நானேதான் எழுதுகிறேன், எழுத்து கோட்டைவிட்டுக் கீழே இறங்காமல் இருப்பதைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். பவித்ரா ஆபீஸ் வேலையாகத் தரமணிக்கு வந்து என்னோடு தங்கியிருந்தாளே, "இன்னும் ரெண்டு நாள் மீட்டிங் இருக்கு" என்று உன்னிடம் சொன்னாளே, அந்த மீட்டிங் நடந்த இடம் கண் ஆஸ்பத்திரி. நான் உள்ளே படுத்திருந்தேன், அவள் வெளியே நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ போன் பண்ணியபோது அவள் எழுந்து வராந்தாவுக்கு ஓடினாளாம், பின்னால் நர்ஸ் பெயர் கூப்பிடுவது உனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. பொய் சொல்லத் தெரியாத பெண்ணைப் பொய் சொல்ல வைத்தேன். அந்தப் பாவம் எனக்கு.

ஏன் மறைத்தேன் என்று சொல்வதற்கு முன்னால் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதைப் பவித்ராவும் படிப்பாள். அவள் உன் அப்பாவைப் பார்த்ததில்லை. அவளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். உஸ்மான் ரோட்டில் பெரிய கடைகளில் புடவை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், அந்தப் பையோடு நேராக வந்து நிற்கும் இடம் நம் சந்து. புடவைக்கு ஏற்ற பிளவுஸ் பிட், லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை, இவ்வளவுதான் நம் வியாபாரம். கதவு அகலத்துக்கு ஒரு கடை, கூரை வரைக்கும் துணிச் சுருள்கள். ஒரு பச்சையில் மட்டும் கிளிப்பச்சை, ராமர் பச்சை, பாசிப்பச்சை, பாட்டில் பச்சை என்று வரிசையாக நிற்கும். ஆனால் டியூப் லைட் கெட்டது. அதன் கீழே ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி வெயிலில் போனால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. துணியை வெட்டுவதற்கு முன்னால் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துக் காட்ட வேண்டும். கூட்டமாக இருந்தால் "நீங்களே கொண்டுபோய் பாத்துட்டு வாங்கம்மா" என்று சுருளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். பணம் வாங்கியிருக்க மாட்டோம், பெயர்கூடத் தெரியாது. தி.நகர் கூட்டத்துக்குள் அப்படிப் போன துணி ஒன்றுகூடத் திரும்பி வராமல் இருந்ததில்லை.

கல்யாணமாகி நான் முதன்முதலாகக் கடையில் நின்ற அன்றைக்கு, ஒரு பெண்ணைக் கடைப் படிக்குக் கூட்டிப்போய்த் துணியைப் பிடித்து, "நல்லா மேட்ச் ஆகுதுங்க" என்றேன். அந்தப் பெண்ணும் தலையாட்டி வாங்கிக்கொண்டு போனாள். அவள் போனதும் உன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "நீ ஏன் சொன்ன? வெளிச்சத்துக்கு கூட்டினு போறதோட நம்ம வேலை முடிஞ்சிது. துணியப் புடிச்சிக்கினு வாய மூடிக்கினு நிக்கணும். அவங்கதான் மொதல்ல சொல்லணும். நீ மொதல்ல சொல்லிட்டா, அவங்க கண்ணு பாக்காது, உன் வாயத்தான் பாக்கும்" என்றார். நான் புதுப்பெண், எனக்கு ரோஷம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண் துணியைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டாள். அவர் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் வெளிச்சத்தில் வாய் திறந்ததே இல்லை, அண்மைக் காலம் வரைக்கும்.

மேம்பாலம் கட்ட ஆரம்பித்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். தூண் எழும்ப எழும்ப அப்பாவுக்கு முகம் வாடிக்கொண்டே வந்தது. படியிலேயே விழுந்துகொண்டிருந்த வெயில் பாதி நாளுக்கு இல்லாமல் போயிற்று. ஆனால் பாலம் திறந்ததும் அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? நம் இரண்டு பேரையும் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏற்றினார். நீ முன்னால் நின்றாய், நான் பின்னால். பாலத்தின் உச்சிக்குப் போனதும் ஓரமாக நிறுத்தி, கையை விரித்து, "பார்ரா, மொத்த வெளிச்சமும் இங்க வந்து கொட்டிக் கெடக்குது. கடைய இங்க போட்டுடலாமா?" என்றார். நீ கீழே எட்டிப் பார்த்து "நைனா, நம்ம போர்டு தெரியுது!" என்று கத்தினாய். பின்னால் ஒரு பஸ்காரர் ஹாரன் அடித்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி நம்மை விரட்டினார். இறங்கும்போது உன் அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே அந்தப் பாலத்தை நான் மன்னித்துவிட்டேன். மறுநாளிலிருந்து நாங்கள் வாடிக்கையாளர்களைச் சந்து முனைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தோம், அவ்வளவுதான். பத்தடி கூடுதலாக நடக்க வேண்டியிருந்தது.

நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவர் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் தெரு வேக வேகமாக மாறியது. பக்கத்து அப்பளக் கடை மொபைல் கவர் கடை ஆயிற்று. எதிரே வாட்ச் ரிப்பேர் பார்த்தவர் பிள்ளைகளோடு போய்விட்டார், அங்கே மோமோ விற்கிறார்கள். கேசட் கடை ஜூஸ் கடையாகி, ஜூஸ் கடை ஷவர்மா கடையாகி, இப்போது மூன்று இளைஞர்கள் ஏதோ பெயர் வாயில் நுழையாத டீ விற்கிறார்கள்; அதில் ஜவ்வரிசி மிதக்கிறது. நல்ல பிள்ளைகள், எனக்கு ஒருநாள் சும்மா கொடுத்தார்கள், ஜவ்வரிசியை மட்டும் மென்றுவிட்டு மீதியைக் கடையில் வேலை செய்கிற செல்விக்குக் கொடுத்தேன். பெரிய புடவைக் கடைகள் தங்கள் மூன்றாவது மாடியிலேயே மேட்சிங் செக்‌ஷன் வைத்துவிட்டன. ஜனங்கள் புடவையைக் கொண்டுவராமல் போனில் போட்டோ எடுத்து வந்து காட்ட ஆரம்பித்தார்கள். எதிரே ஏழு மாடி வந்தபிறகு சந்து முனையிலும் நிழல். நான் ஆட்களைப் பிள்ளையார் கோயில் பக்கம் கூட்டிப்போனேன். அங்கேயும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று ரோட்டைத் தாண்டி, பாத்திரக் கடை வாசல் வரைக்கும் போனேன். ஒவ்வொரு வருஷமும் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டதாகவே நினைத்தேன். கால் வலிக்க வலிக்க அதைத் துரத்திக்கொண்டு நடந்தேன்.

உன்னிடம் போர்டு வெளுத்துவிட்டது என்று சொல்லி இரண்டு தடவை பெயிண்ட் அடிக்கச் சொன்னது நினைவிருக்கிறதா? பெயிண்டர் "நல்லாத்தானே கீது" என்றபோது, நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். டியூப் லைட்டை எடுத்துவிட்டு எல்இடி போடச் சொன்னேன், அப்புறம் எல்இடியைத் திட்டினேன். வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். வழக்கமாக வருகிற மயிலாப்பூர் டீச்சரம்மா வருவதில்லை, நந்தனத்திலிருந்து மூன்று மகள்களோடு வருகிறவர் வருவதில்லை. நான் தெருவைக் குறை சொன்னேன். அதில் பாதி உண்மை இருந்ததுதான் வம்பு. முழுப் பொய்யாக இருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டால் மனிதர் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டலாம். இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, அது எனக்கே தெரியாமல் நடந்தது. வெளிச்சத்தில் துணியைப் பிடித்ததும் நானே முந்திக்கொண்டு "சூப்பர் மேட்ச்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன். சத்தமாக, சிரித்துக்கொண்டு. உன் அப்பா சொன்னதுபோல, அவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்த் துணியைப் பார்த்தார்கள். அப்புறம் வரவில்லை.

உன் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். ரிசப்ஷனுக்குப் பவித்ரா தன் அம்மாவின் கல்யாணப் புடவையைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாகச் சொன்னாள் இல்லையா? சந்தன கலர் உடம்பு, கத்திரிப்பூ கரை. பழைய பட்டு, கை வைத்தால் கை வழுக்கும். அதற்கு இருந்த பிளவுஸ் இவளுக்குப் பற்றவில்லை. "எனக்கு மாமியாரே மேட்சிங் சென்டர், நான் எதுக்கு அலையணும்?" என்று சொல்லிக்கொண்டு புடவையோடு கடைக்கு வந்தாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! அன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வேறு யாரையும் கவனிக்காமல், இருக்கிற சுருளையெல்லாம் பிரித்துப் போட்டேன். எடுத்துக்கொண்டு பாத்திரக் கடை வாசல் வரைக்கும் அவளை நடத்திக் கூட்டிப்போனேன். கரைமேல் பிட்டை வைத்து, "பாத்தியா, ஒரே தறியில நெய்ஞ்ச மாதிரி இருக்கு" என்றேன். அவள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆமா அத்தை, சூப்பர்" என்றாள். அந்தத் துணியில்தான் பிளவுஸ் தைத்துப் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் மேடையில் நின்றாள். அந்தப் படத்தை நான் பெரிதாக்கிக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டி, "நான் மேட்ச் பண்ணது" என்பேன்.

அவள் தரமணிக்கு வந்திருந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், வெயில் இறங்குவதற்கு முன்னாலேயே வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்துவிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு அம்மாள் வந்து, முந்தின நாள் என்னிடம் வாங்கிய பிட்டை மேசைமேல் போட்டார். "நேவி புளூ கேட்டா கறுப்பக் குடுத்துக்கீறியேம்மா. நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசம். கறுப்பு பிளவுஸ் போட்டுக்கினு போய் நின்னா என்னை இன்னா நினைப்பாங்க?" என்றார். "கறுப்பு இல்லம்மா, நேவிதான். வாங்க, வெளிச்சத்துல பாத்துடலாம்" என்று கூட்டிப்போனேன். பவித்ராவும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் வந்தாள். நல்ல வெளிச்சத்தில் அதைப் பிடித்து, "இப்ப பாருங்க, நீலம்" என்றேன். அந்த அம்மாள் துணியைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்தார். கோபமாக வந்த முகம் அப்படியே தணிந்து போயிற்று. "சரிம்மா, பரவால்ல, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மாற்றிக்கூட வாங்காமல் போய்விட்டார். அவர் சண்டை போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்தப் பரவால்லையைத் தாங்க முடியவில்லை.

திரும்பி வரும்போது பக்கத்துக் கடை பாய், லேசும் ஜிப்பும் பொத்தானும் விற்கிறாரே, அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நீ பிறந்த நாளிலிருந்து உன்னைத் தெரிந்தவர். நான் பழக்கதோஷத்தில், "பாத்தீங்களா பாய், இந்தப் பாலமும் கட்டடமும் சேந்து வெளிச்சமே இல்லாமப் பண்ணிட்டாங்க" என்றேன். எப்போதும் "ஆமாம்மா" என்கிறவர் அன்றைக்குச் சொல்லவில்லை. பவித்ராவை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் என்னிடம், "வெளிச்சம் எங்கியும் போவலமா. அங்கியேதான் கீது. நானும் ரெண்டு வருசமா பாத்துக்கினுதான் கீறேன், சொன்னா மனசு நொந்துக்குவியேன்னு வாயத் தொறக்கல. தப்பு என்னுதுதான். கண்ண போய் காட்டுமா மொதல்ல" என்றார். கடைக்குள் வந்து உட்கார்ந்தால், செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். கூவம் ஓரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்களே, அங்கிருந்து இரண்டு பஸ் பிடித்து வந்து எனக்கு வேலை செய்கிற பெண். "நீங்க தப்பா எடுத்தா, பையில போடசொல்லோ நான் மாத்திப் போட்டுக்கினுதான் இருந்தேன்க்கா. எல்லா நேரமும் முடியலக்கா. நேத்து நான் லீவு" என்றாள். கறுப்பையும் நேவியையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்த தட்டில், என்னிடம் காரணம் சொல்லாமல் அவள் நடுவில் ஒரு வெள்ளைச் சுருளை வேலியாக வைத்திருந்தாள். அது ஏன் அங்கே இருக்கிறது என்று நான் அவளைத் திட்டியிருக்கிறேன்.

அன்று வீட்டில் பவித்ரா தோசை வார்த்தாள். நான் தட்டைத் தொடவில்லை. "நெஜத்தச் சொல்லு. உன் ரிசப்ஷனுக்கு நான் எடுத்துக் குடுத்தது மேட்ச் ஆச்சா?" என்று கேட்டேன். அவள் கல்லைப் பார்த்துக்கொண்டே, "இல்ல அத்தை" என்றாள். "என்ன கலர் அது?" என்றேன். "அரக்கு" என்றாள். கத்திரிப்பூவுக்கு அரக்கு! கடைக்குப் புதிதாக வந்த பெண்கூடச் செய்யாத தப்பு. "பாத்தப்பவே தெரியுமா?" "தெரியும். செல்வியக்கா மாத்தப் போனாங்க. நான்தான் வேணாம்னு கண்ணக் காட்டினேன்." "உங்கம்மாவுக்கு?" "அம்மா தைச்சு வந்ததும் கத்தினாங்க. இப்ப இதான் ஃபேஷன்னு சொல்லிட்டேன்." எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "ஏன்டி சொல்லல?" என்றேன். தோசையைத் திருப்பிப் போட்டாள், அது ஏற்கெனவே கருகியிருந்தது. "நீங்க அந்தத் துணியப் புடிச்சுட்டு நின்னப்ப உங்க முகத்துல அவ்ளோ சந்தோஷம் அத்தை. எனக்கு அதுக்கப்புறம் கலர் பெரிசாப் படல. ஆனா அன்னிக்கே உங்களக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும். புதுசா வர்ற மருமக எப்படிச் சொல்றதுன்னு பயந்துட்டேன். அதுதான் நான் பண்ண தப்பு" என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணு, அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு மகள் பிறந்தாள் என்றே எழுதுகிறேன். உனக்குப் பொறாமை வந்தால் வரட்டும்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். ஏன் என்று நீ கேட்பாய். கலர் தெரியாதவள் மேட்சிங் சென்டர் நடத்துகிறாள் என்று தெரிந்தால் நீ பொங்கல்வரைகூடக் காத்திருக்க மாட்டாய், அடுத்த ரயிலில் வந்து ஷட்டரை இறக்கிவிடுவாய் என்று பயந்தேன். உன்மேல் தப்பு இல்லை. நீ என்னை நினைத்துத்தான் செய்வாய். ஆனால் அப்படிப் பயந்த பிறகுதான் எனக்கே புரிந்தது, கடையை மூட எனக்கு இஷ்டமில்லை என்று. இத்தனை நாள் தெரு செத்துவிட்டது, போய்விடலாம் என்று உன்னிடம் சொன்னதெல்லாம், தோற்றுப் போய்விட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னது.

ஆபரேஷனுக்கு மறுநாள் கண்கட்டை அவிழ்த்ததும் முதலில் பார்த்தது நர்ஸின் உடுப்பு. அவ்வளவு வெள்ளையை நான் மறந்தே போயிருந்தேன். இரண்டாவதாகக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுதப்போவதில்லை, நீயாவது முன்பே சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்தால் சமையலறை மூலையெல்லாம் ஒட்டடை. செல்வி வேலை முடிந்து போகிற வழியில் வந்து சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போவாள். தூசியில் போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளெல்லாம் கழிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். சந்து முனையில் நின்று கண்ணாடியைக் கழற்றினேன். மொபைல் கவர் கடை போர்டு நல்ல ஆனந்தா புளூ. இத்தனை நாள் அதைச் சாம்பல் என்று நினைத்திருந்தேன். ஜவ்வரிசி டீக்கடைச் சுவர் முழுக்க வாடாமல்லி. மெட்ரோத் தகரத்தில் யாரோ கிளி வரைந்திருக்கிறார்கள். ஏழு மாடிக்காரர்கள் முகப்பு முழுக்கக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். மத்தியானத்தில் அதில் பட்டுத் திரும்புகிற வெயில், பாலத்துக்கு அடியில் நுழைந்து, நேராக நம் கடைப் படியில் வந்து விழுகிறது. உன் அப்பா இருந்தபோது விழுந்த அதே படியில். நான் ரோட்டைத் தாண்டித் தாண்டி ஓடிய நாளெல்லாம் அது அங்கேயேதான் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. படியில் உட்கார்ந்து அழுதேன். பாய் இரண்டு டீ வாங்கி வந்தார். நம் கடை போர்டு மட்டும், நான் மேலே மேலே அடிக்கச் சொன்ன பெயிண்டில், கண்ணைக் குத்துகிறது. நீ வந்தால் முதல் வேலை அதை மாற்றுவதுதான்.

தெரு மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. மாறிவிட்டது. அப்பளக் கடை திரும்பி வராது, மூன்றாவது மாடி மேட்சிங் செக்‌ஷன் எங்கேயும் போகாது. நாளைக்கு ஓனரே கட்டடத்தை இடிக்கப்போகிறேன் என்று சொன்னாலும் சொல்வார். ஆனால் போன வாரம் மயிலாப்பூர் டீச்சரம்மாவுக்கு நானே போன் பண்ணி, "கண்ணுல புரைம்மா, இப்ப எடுத்தாச்சு" என்று சொன்னேன். "அதானா? எங்கள வேணாம்னு ஏனோதானோன்னு குடுக்கறீங்கன்னு நெனச்சிட்டேன்மா" என்றார். மறுநாளே இரண்டு புடவையோடு வந்தார். படியில் துணியைப் பிடித்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் நிதானமாகப் பார்த்து, "இது இல்லம்மா, அதுக்கு அடுத்தது" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

அதனால் உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். பொங்கலுக்கு வா. சாவியைப் பற்றி யாரிடமும் பேசாமல், மத்தியானத்தில் அந்தப் படியில் என்னோடு கொஞ்ச நேரம் நில். பார். நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீதான் முதலில் சொல்ல வேண்டும். பார்த்துவிட்டு அப்போதும் மூடத்தான் வேண்டும் என்று உனக்குப் பட்டால், உட்கார்ந்து பேசுவோம். சும்மா சரி என்று இனிமேல் சொல்ல மாட்டேன். உன் வீட்டிலும் இதைப் பழகிக்கொள். உனக்கு அப்பாவின் தொழில் வராவிட்டாலும் இதாவது வரட்டும். நீ எதையும் முதலில் சத்தமாகச் சொல்லிவிடுகிற ஆள். "நல்லாருக்குல்ல?" என்று நீ கேட்டால் அவள் நல்லாருக்கு என்றுதான் சொல்வாள், அவள் மனசு அப்படி. அவளை முதலில் சொல்லவிடு. உன் முகத்தைப் பார்த்துப் பொருத்திக்கொண்டே அவள் காலத்தை ஓட்டிவிடக் கூடாது.

பொங்கல் முடிந்த வாரம் இடது கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இந்தத் தடவை ஒளிவுமறைவு இல்லை, வெளியே நாற்காலியில் நீதான் உட்கார வேண்டும். எனக்கு உன்னைத் தேடுகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இப்போதைக்கு எனக்கு ஒரு கண் புதுசு, ஒரு கண் பழசு. கல்லாவுக்கு மேலே இருக்கிற உங்கள் படத்தைத் தினமும் கடை திறந்ததும் பார்க்கிறேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால், கத்திரிப்பூ கரைக்கு அரக்கு பிளவுஸ், பட்டப்பகலில் தெரிகிற தப்பு. அந்தத் தப்பை உடம்பில் போட்டுக்கொண்டு அவள் அத்தனை பேர் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால், இரண்டும் ஒரே கலர், ஒரே தறியில் நெய்தது போல. அன்றைக்கு நான் பார்த்தது இதைத்தான். வேறொரு பிட் எடுத்துத் தருகிறேன் என்று பவித்ராவிடம் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் என்னைக் கடை வழியாகக் கூட்டிப்போ. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.

அம்மா